வண்ணார்பண்ணையின் குடிசனம்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு புறநகரின் வரலாற்றை அங்கு வாழ்ந்தோரின் தொகையைக் கொண்டு மாத்திரம் அறிந்துவிட இயலாது. அத்தொகையினுள் யாவர் அடங்கினர், எக்காரணத்தால் வந்தனர், எக்காரணத்தால் நீங்கினர் என்பனவும் ஆராயற்பாலன. யாழ்ப்பாணக் கோட்டைக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியை ஒட்டிப் பரந்துள்ள வண்ணார்பண்ணை இதற்குத் தக்க சான்றாகும்.

1619இல் நல்லூர் அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் ஆட்சித் தானத்தை நல்லூரினின்றும் கடலோரத்துக்கு மாற்றிக் கோட்டை அமைத்தனர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் அவ்விடத்தையே தலைமையிடமாகக் கொண்டனர். கோட்டைக்குக் கிழக்கே இருந்த வீதிகளில் ஐரோப்பியரும் அவர் வழிவந்த பறங்கியரும் வாழ்ந்தனர். வணிகரும் கைவினைஞரும் பட்டினத்தின் புறத்தே குடிகொண்டனர். வண்ணார்பண்ணை என்னும் பெயரே ஒரு தொழிற்குலத்தைச் சுட்டுவது. தட்டார் வாழ்ந்த தட்டாதெரு, கன்னார் வாழ்ந்த அயலூராகிய கன்னாதிட்டி, சோனகர் வாழ்ந்த சோனகத் தெரு ஆகியனவும் பழைய குடிகளின் வகையை இன்றும் உணர்த்துகின்றன. எழுதப்பட்ட கணக்குகள் இல்லாதவிடத்து இடப்பெயர்களே குடிசனக் கணக்காக நிற்கின்றன எனலாம்.

ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்கூற்றிலே சமயக் கட்டுப்பாடு தளர்ந்தது. வைத்திலிங்கச் செட்டியார் கட்டுவித்த சிவன் கோவில் 1790ஆம் ஆண்டளவில் எழுந்தது. வணிகச் செல்வம் கோவிலாயிற்று. கோவில் மேலும் குடிகளை ஈர்த்தது. 1848இல் ஆறுமுக நாவலர் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி இவ்வூரிலே நிலைபெற்றது. கல்வியை நாடி வந்தோரால் ஊர் மேலும் செறிவுற்றது.

எனினும் வண்ணார்பண்ணையைச் சைவ ஊர் என்று மட்டும் கூறுதல் குறைவுடைத்து. இங்கு 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் அவர் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகவும், கொழும்பு சாஹிறாக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். ஒரே வகுப்பறையில் இரு சமயத்துப் பிள்ளைகளும் அமர்ந்து கற்றமை இப்புறநகரின் குடிசன அமைப்பினால் இயல்பாக விளைந்த பயனாகும்.

இலங்கை முழுவதற்குமான முறையான குடிசன மதிப்பு 1871இல் தொடங்கியது. 1981ஆம் ஆண்டு மதிப்பின்படி யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் 118,224 பேர் இருந்தனர். போரின் காரணமாக 1991இல் மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் வடக்கிலே அது நிறைவுறவில்லை. 2012இல் மீண்டும் எண்ணியபோது அத்தொகை 88,138 ஆயிற்று. நான்கிலொரு பங்கினர் குறைந்தனர்.

இக்குறைவின் உட்பொருளை இலக்கம் கூறுவதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் தமிழீழ விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துள் வெளியேறச் செய்தனர். சோனகத் தெருவும் அதன் அயலும் ஒரே நாளில் வெறுமையுற்றன. வெளியேறியோருட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திற் குடியேறினர். சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கிலே தம் வீடுகளைக் கைவிட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். இவர்களுட் பலர் 1996இல் மீண்டனர். முஸ்லிம்களோ நெடுங்காலம் மீள இயலாதிருந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரும் ஒரு பகுதியினரே திரும்பினர். விரும்பிக் கடல் கடந்தவரும், அஞ்சி ஓடியவரும், ஆணையினால் அகற்றப்பட்டவரும் குடிசனப் பட்டியலில் ஒரே கழித்தற் குறியினுள் அடங்கிவிடுகின்றனர். வரலாறு அவர்களை வேறுபிரித்துக் கூறல் வேண்டும்.

அதற்கு வேண்டிய சான்றுகள் ஊரினுள்ளேயே உள. பாடசாலைச் சேர்வு இடாப்புகள், கோவில் பள்ளிவாசல் ஏடுகள், காணி உறுதிகள், எந்த வீட்டில் எவர் வாழ்ந்தனர் என அறிந்த முதியோரின் நினைவு ஆகியன குடிசன மதிப்பு நிகழாத 31 ஆண்டுகளையும் ஓரளவு நிரப்ப வல்லன. இவற்றுள் முதியோரின் நினைவு ஆண்டுதோறும் குறைந்து வருவது. பிற மூன்றும் காத்திருப்பினும், அதனை முதற்கண் எழுதி வைத்தல் கற்றோர் கடனாம்.