அதிமதுரமும் அட்ரீனல் சுரப்பியும்: ஒரு பக்கவிளைவின் வரலாறு

உடற்சோர்வைப் போக்கவும் கார்டிசால் குறைவை ஈடுகட்டவும் மூலிகைகளால் இயலும் என்ற நம்பிக்கை இன்று மாத்திரையாகவும் பொடியாகவும் உலகெங்கும் விலைபோனாலும், அட்ரீனல் சுரப்பி செயலிழந்த நோயாளிக்கே கொடுக்கப்பட்டு, அளந்து பார்க்கப்பட்டு, ஓரளவேனும் பயன் தந்ததாக மருத்துவ ஏடுகளில் தெளிவாகப் பதிவான மூலிகை என்று அதிமதுரத்தைத்தான் முதலில் சுட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பயன்கூட யாரும் தேடிக் கண்டதன்று. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்த மருந்தின் வேண்டாத விளைவாக அது வெளிப்பட்டது.

சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகளின் புறணிப் பகுதியில் ஊறும் கார்டிசால், இரத்தத்தில் சர்க்கரை குறையாமலும் இரத்த அழுத்தம் சரியாமலும் காத்து, காய்ச்சல், காயம், பட்டினி போன்ற நெருக்கடிகளில் உடலைத் தாங்கும் ஹார்மோன் ஆகும். அதே புறணியில் ஊறும் ஆல்டோஸ்டீரோன், உடலிலிருந்து உப்பு வீணாக வெளியேறாதபடி சிறுநீரகத்தில் தடுத்து வைக்கிறது. இவ்விரண்டும் வற்றிப்போகும்போது உண்டாகும் நோயை, லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன், பதினொரு நோயாளிகளின் வரலாறுகளைத் தொகுத்து 1855-ல் வெளியிட்ட நூலில் விவரித்தார். நாளுக்கு நாள் மிகும் தளர்ச்சி, பசியின்மை, நாடித் துடிப்பின் மெலிவு, தோல் கருத்துப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அக்காலத்தில் காசநோய்க் கிருமி சுரப்பியை அரித்ததே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருந்தது. மறு ஆண்டே பாரிசில் பிரௌன்-செக்கார் விலங்குகளின் அட்ரீனல் சுரப்பிகளை அறுத்தெடுத்து, அவை இல்லாமல் உயிர் தரிக்காது என்று காட்டினார். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. மருந்து கிடைக்க முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1930-களில் கிடைத்த உதவிகளுள் ஒன்று சமையலறையிலேயே இருந்த உப்பு. அடிசன் நோயாளிகளின் இரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் லோப் எடுத்துக்காட்டிய பிறகு, உணவில் உப்பைக் கூட்டிக் கொடுப்பது சிகிச்சையாயிற்று. 1937-ல் டேடியஸ் ரைக்ஸ்டைன் குழுவினர் சுவிட்சர்லாந்தில் செயற்கையாக ஆக்கிய டிஆக்சிகார்ட்டோன், உப்பைத் தேக்கிவைக்கும் வேலையை மட்டும் செய்தது. அதை ஊசியாகப் போடவோ, சிறு வில்லைகளாக்கித் தோலுக்கடியில் பதித்துவைக்கவோ வேண்டும். 1947-ல் லண்டனில் அடிசன் நோய் கண்டறியப்பட்ட, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியும் இத்தகைய வில்லைகளைத் தொடையில் பதித்துக்கொண்டு காலம் தள்ளியவரே. 1948-ல் மேயோ மருத்துவமனையில் கீல்வாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கார்டிசோன், மாட்டின் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரிக்கப்பட்டதால், தொடக்கத்தில் அரிதாகவும் மிகுந்த விலையுடையதாகவும் இருந்தது. போரில் நொடித்த ஐரோப்பாவில் அது எளிதில் எட்டும் பொருளன்று. அதிமதுரத்துக்கு இடம் கிடைத்தது இந்த இடைவெளியில்தான்.

அதிமதுரம் பழைய சரக்கு. கிறித்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோபிராஸ்டஸ், இந்த வேரைச் சித்தியர்களின் வேர் என்று குறித்து, ஆஸ்துமாவுக்கும் வறட்டிருமலுக்கும் நல்லது என்றும், இதையும் குதிரைப்பாலில் செய்த பாலாடைக் கட்டியையும் கொண்டு அம்மக்கள் தண்ணீரின்றிப் பதினொரு பன்னிரண்டு நாட்கள் இருப்பார்கள் என்றும் எழுதிவைத்தார். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும் இயல்பு இந்த வேருக்கு உண்டு என்று இன்று அறிந்தவர்களுக்கு அந்தக் குறிப்பு வியப்பாக இருக்கலாம். ஆனால் நாடோடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதிய ஒருவரின் வாக்கியத்தில் ஹார்மோன் அறிவியலைப் படிப்பது மிகை. தமிழ்நாட்டின் நாட்டு மருந்துக் கடைகளில் குச்சியாகவும் சூரணமாகவும் கிடைக்கும் அதிமதுரத்தைச் சித்த மருத்துவம் இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும்தான் முதன்மையாக எடுத்தாள்கிறது. ஐரோப்பாவிலோ இத்தாலியின் கலாப்ரியாவிலும் ஸ்பெயினிலும் வேரை நசுக்கி, நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சி, வடித்து, குழம்பாக இறுகும்வரை வற்றவைத்து, கருங்கோல்களாக உருட்டி உலர்த்தும் தொழில் வளர்ந்திருந்தது. இந்த இறுகிய சத்து மருந்தகங்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் ஒருசேரப் போயிற்று. நெதர்லாந்து மக்கள் ‘துரோப்’ என்று அழைக்கும் கறுப்பு மிட்டாயை நாள்தோறும் மெல்லுபவர்கள். கசப்பு மருந்தை மறைக்க அதிமதுரச் சத்தைச் சேர்ப்பதும் அங்கே வழக்கம்.

அந்நாட்டின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியிலுள்ள ஹேரன்வேன் என்னும் சிற்றூரின் மருந்தாளர் ஒருவர் தயாரித்த கலவை வயிற்றுப்புண்ணை ஆற்றுவதாக மக்களிடையே பேர்பெற்றிருந்தது. அதில் பத்தில் நான்கு பங்கு அதிமதுரச் சத்து என்பதை அறிந்த மருத்துவர் ரெவர்ஸ், அச்சத்தையே தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1946-ல் டச்சு மருத்துவ வார இதழில் முடிவுகளை வெளியிட்டார். புண் வலி தணிந்தது. ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின, தலைவலியும் மூச்சிரைப்பும் கண்டன, மருந்தை நிறுத்தியதும் எல்லாம் வடிந்தன. மருந்து நல்லது, தொல்லை சிறிது என்று கடந்துபோகப் போதிய காரணம் இருந்தும் ரெவர்ஸ் அந்த வீக்கத்தையும் கூட்டிக்குறைக்காமல் எழுதிவைத்தார். இந்த வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரிய செயல் அதுவே எனலாம்.

ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்ட் என்பவரின் தலைமையில் இயங்கிய மருத்துவர் குழு, வீக்கத்தின் காரணத்தை நாடி, அதிமதுரச் சத்து உண்டவர்களின் உடல் எடையையும், உண்ட உப்பையும், சிறுநீரில் கழிந்த உப்பையும் நாள்தோறும் அளந்தது. சோடியமும் நீரும் உடலிலேயே தங்கின, பொட்டாசியம் வெளியேறியது, இரத்த அழுத்தம் ஏறியது. டிஆக்சிகார்ட்டோன் ஊசி போட்டால் நிகழ்வதும் இதுவே. 1950-ல் ‘லான்செட்’ இதழில் இந்த ஒற்றுமை வெளியானது. அதே நகரில் குரூன் என்பவரின் குழு, நேரடியாக அடிசன் நோயாளிகளுக்கே சத்தைக் கொடுத்து, அவர்களது உப்புச் சமநிலை தேறியதை 1951-ல் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அறிவித்தது. மிட்டாய்க் கடைச் சரக்கு ஒன்று, ஊசியாகப் போட வேண்டியிருந்த ஹார்மோனின் வேலையைச் செய்வதாகத் தோன்றிய அந்த ஓரிரு ஆண்டுகளில் எழுந்த உற்சாகத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது.

உற்சாகம் நீடிக்கவில்லை. சுரப்பியில் சிறிதளவு உயிர்ப்பு எஞ்சியிருந்தவர்களுக்கு அதிமதுரம் உதவியது. சுரப்பி முற்றிலும் அழிந்தவர்களுக்கும், அறுவையில் அகற்றப்பட்டவர்களுக்கும் அது பயனற்றுப்போனது. அதே மனிதர்களுக்குச் சிறிது கார்டிசோனும் சேர்த்துக் கொடுத்தால் உடனே வேலை செய்தது என்று 1953-ல் போர்ஸ்ட் குழு எழுதியது. அப்படியானால் அது ஹார்மோனுக்கு மாற்று அன்று, ஹார்மோனைச் சார்ந்து நிற்கும் ஏதோ ஒன்று என்பது புலப்பட்டது. அது எப்படிச் சார்கிறது என்பதற்கு விடை சொல்ல அப்போது யாராலும் முடியவில்லை. அதற்குள் சிகிச்சையின் களமே மாறியது. 1953-ல் ஆல்டோஸ்டீரோன் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேலையை வாய்வழி மாத்திரையாகச் செய்யும் ஃபுளூட்ரோகார்டிசோன் அடுத்து வந்தது. மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து பெறப்பட்ட மூலப்பொருளும், பூஞ்சையைக் கொண்டு அதில் ஆக்சிஜனைச் சேர்க்கும் முறையை அப்ஜான் நிறுவன ஆய்வாளர்கள் 1952-ல் கண்டதும் கார்டிசோனின் விலையைச் சரித்தன. அடிசன் நோயாளிகளை வாழவைத்த தாவரம் எது என்று கேட்டால், அதிமதுரத்தைவிட அந்தக் கிழங்கைச் சொல்வதே நியாயம். அதிமதுரத்திலிருந்து ஆக்கிய கார்பெனாக்சலோன் என்னும் மருந்து 1960-களில் வயிற்றுப்புண்ணுக்குப் பயன்பட்டு, அதே வீக்கத்தையும் பொட்டாசியக் குறைவையும் கூடவே கொண்டுவந்தது.

புதிர் அவிழ்ந்தது 1987-ல், எடின்பரோவில். கார்டிசால், ஆல்டோஸ்டீரோன் இரண்டுமே சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கும் ஏற்பியில் பொருந்தக்கூடியவை. இரத்தத்தில் கார்டிசால் பன்மடங்கு மிகுதி. அப்படியிருந்தும் அது அங்கே ஆதிக்கம் செலுத்தாததற்குக் காரணம், சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதி கார்டிசாலை, அந்த ஏற்பியில் செயலற்ற கார்டிசோனாக உடனுக்குடன் மாற்றிவிடுவதுதான். அதிமதுரத்தின் இனிப்புப் பொருளான கிளைசிரைசின் குடலில் சிதைந்து உண்டாகும் அமிலம் இந்த நொதியை முடக்குகிறது என்று ஸ்டூவர்ட், எட்வர்ட்ஸ் ஆகியோரின் குழு காட்டியது. காவல் நீங்கியதும் கார்டிசால் சிறுநீரகத்தின் உப்பு ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. அதிமதுரம் ஒரு துளி கார்டிசாலையும் சுரக்கவைப்பதில்லை. இருப்பதை ஓரிடத்தில் அழியாமல் நிறுத்துகிறது. அடிசன் நோயாளியின் சுரப்பியில் எஞ்சிய சிறிதளவு போதுமாயிருந்ததும், அதுவும் இல்லாதவர்க்கு அதிமதுரம் கைகொடுக்காததும் இதனாலேயே.

இந்த அறிவு அச்சேறிய பதினோரு ஆண்டுகளில், 1998-ல், ஜேம்ஸ் வில்சன் என்னும் அமெரிக்கர் ‘அட்ரீனல் களைப்பு’ என்ற நோய்ப்பெயரை முன்வைத்தார். தொடர்ந்த மன அழுத்தத்தால் சுரப்பி ஓய்ந்துபோய், கார்டிசால் குறைந்து, நாள்பட்ட சோர்வு உண்டாகிறது என்பது அதன் கருத்து. அமுக்கரா, சைபீரிய ஜின்செங் முதலியவற்றோடு அதிமதுரமும் அதற்கான கலவைகளில் இடம்பெற்றது. 2016-ல் பிரேசிலைச் சேர்ந்த கடேஜியானி, கேட்டர் இருவரும் ஐம்பத்தெட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படியொரு நோய்நிலை இருப்பதற்கு ஆதாரமில்லை என்று முடிவுகூறினர்; அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் நிலைப்பாடும் அதுவே. சோர்வு பொய்யன்று, ஆனால் இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, அரிதாக அடிசன் நோய் என அதன் காரணங்கள் பலவாக இருக்க, சுரப்பிமேல் பழிபோட்டுப் பொடி வாங்கும்போது உண்மையான காரணம் தேடப்படாமல் போகிறது என்பதே மருத்துவர்களின் கவலை.

கிளைசிரைசினை நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ள வேண்டாம் என்று ஐரோப்பிய அறிவியல் குழு 2003-ல் மீண்டும் வலியுறுத்தியது. நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள், மாத்திரையால் வாழும் அடிசன் நோயாளிகளுக்கு அதிமதுரம் கொடுத்து, உடலில் கார்டிசால் கிடைப்பு கூடுவதை 2011-ல் அளந்து காட்டினர். ஆம்ஸ்டர்டாமில் அது சிகிச்சையாக எண்ணப்பட்டது. பெர்கனில் அதே விளைவு, மாத்திரையின் அளவைக் கணிக்கும்போது நோயாளி அதிமதுரம் மெல்லுபவரா என்று கேட்டறிய வேண்டும் என்பதற்கான எச்சரிக்கையாகப் பதிவாயிற்று.