படைச் செயலர் சேகல்

கோபர்கைரனேயில் வாழும் நாம், மும்பை நகரின் பூலாபாய் தேசாய் சாலையைக் கடந்திருப்போம். அப்பெயருக்குரிய பம்பாய் வழக்கறிஞர், 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் மூன்று வீரர்களுக்காக வாதாடினார். அவர்களுள் ஒருவர் பிரேம் குமார் சேகல்.

பஞ்சாபியரான சேகல், ஆங்கிலேயரின் படையில் அதிகாரி. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்டார். பின்னர் இந்திய தேசிய இராணுவத்தின் படைச் செயலரானார். 1945-இல் பர்மாவின் போப்பா மலைக் களத்திலும் நின்றார்.

அடிமை நாட்டுக்கும் விடுதலைப் போர் புரியும் உரிமை உண்டென்று வாதிட்டார் தேசாய். இராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனையே விதித்தது. ஆயினும் நாடு கொதித்தெழவே, 1946 ஜனவரியில் அது நீக்கப்பட்டது.

1947-இல் சேகல் மணந்தவர், சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி. அவர் நடத்திய ஜான்சி ராணிப் படையிற் பலர் மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்களே. பஞ்சாபியரும் சென்னையில் பிறந்தவரும் கான்பூரைத் தம் ஊராக்கிக்கொண்ட அவ்வாழ்வு, ஊர்விட்டு வந்த நமக்கும் உறவன்றோ?