வலி தெரியாத விரல்கள்

1947-ஆம் ஆண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க, வேலூரிலிருந்து ஓர் இளம் ஆங்கிலேய மருத்துவர் வந்திருந்தார். அவரை அழைத்துச் சென்று காட்டியவர் ராபர்ட் காக்ரேன், தோல் நோய் நிபுணர். நோயாளிகளின் முதுகிலும் கன்னத்திலும் இருந்த தேமல்களையும் தடிப்புகளையும் காட்டி விளக்கிக்கொண்டே போனார் காக்ரேன். வந்தவருடைய கவனம் தேமல்களில் நிற்கவில்லை. அவர் அறுவை மருத்துவர். வணக்கம் சொல்லக் குவிந்த கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தார். உள்நோக்கி மடங்கிய விரல்கள், பாதி தேய்ந்த விரல்கள், விரலே இல்லாத மொட்டைக் கைகள்.

ஓரிடத்தில் ஓர் இளைஞர் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தார். விரல் மடங்கிப்போன கையில் வார் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. மருத்துவர் குனிந்து, அந்தக் கைக்குள் தன் கையைக் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்றுதான் நினைத்திருந்தார். பிடித்த பிடியில் நகங்கள் சதையில் பதிய, வலி பொறுக்கமாட்டாமல் துடித்துப்போனார்.

அந்தக் கையில் வலு இருந்தது. விரல்களை மடக்கும் தசைகள் உயிரோடு இருந்தன. விரித்து நேராக்கும் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. அப்படியென்றால் இதைச் சரிசெய்ய முடியும். இதுவரை எந்த எலும்பியல் மருத்துவர் இதை ஆராய்ந்திருக்கிறார் என்று காக்ரேனிடம் கேட்டார். ஒருவர்கூட இல்லை என்றார் காக்ரேன். போலியோவால் முடங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்ய உலகெங்கும் மருத்துவர்கள் இருந்தார்கள். பல லட்சம் பேரை முடக்கிய தொழுநோயின் பக்கம் எலும்பியல் மருத்துவர் யாரும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

வந்திருந்தவர் பால் பிராண்ட்.

அவருக்கு இந்த மண் புதிதில்லை. 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின், இருவருமே கிறிஸ்தவ மிஷனரிகள். சிறுவனாக இருந்தபோது கண்ட ஒரு காட்சியைப் பால் பிராண்ட் கடைசிவரை மறக்கவில்லை. மலையிலிருந்த அவர்கள் வீட்டு வாசலுக்குத் தொழுநோயாளிகள் சிலர் வந்தார்கள். ஊரார் எல்லோருடைய புண்ணையும் வெறுங்கையால் கழுவிக் கட்டும் தந்தை அன்று கையுறை மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். புண்கள் கழுவப்பட்டன, கட்டுப் போடப்பட்டது, தாய் ஒரு கூடையில் பழம் கொடுத்தார். அவர்கள் போன பிறகு அந்தக் கூடை எரிக்கப்பட்டது. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை.

இதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இயேசு தொழுநோயாளியைக் கைநீட்டித் தொட்டார் என்று நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. அந்த நிகழ்ச்சிதான் எத்தனையோ கிறிஸ்தவர்களைத் தொழுநோயாளிகளிடம் கொண்டுவந்து சேர்த்தது. 1869-ல் அம்பாலாவில் தொழுநோயாளிகளைக் கண்டு மனம் கலங்கிய அயர்லாந்துக்காரர் வெல்லஸ்லி பெய்லி, 1874-ல் அவர்களுக்கென்றே ஒரு மிஷனைத் தொடங்கினார். சோறும் கூரையும் கட்டுத்துணியும் அன்று முதல் பலருக்குக் கிடைத்தன. ஆனால் பயம் போகவில்லை. அன்பு இருந்த இடத்திலும் கையுறை இருந்தது, எரிந்த கூடை இருந்தது. அந்தப் பயத்தை ஜெஸ்ஸி பிராண்ட் மேல் பழியாகப் போடுவது நியாயமில்லை. நோயின் கிருமியை ஹான்சன் என்ற மருத்துவர் நார்வேயில் 1873-லேயே கண்டுபிடித்திருந்தும் அதற்கு உருப்படியான மருந்து அப்போது கிடையாது. நீரடிமுத்து எண்ணெயை ஊசியால் தோலில் ஏற்றுவார்கள். வலி அதிகம், பயன் சொற்பம்.

சட்டம் பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது. 1898-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டத்தின்படி, ஏழைத் தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடித்துப்போய்க் காப்பகத்தில் அடைக்கலாம். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் வாடகை வண்டியில் ஏறவும் அவர்களுக்குத் தடை போட முடியும். பணக்காரத் தொழுநோயாளி வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். அவரை அப்படிப் பிடிக்கச் சட்டத்தில் வழி இல்லை.

பால் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். தந்தையை அவர் அதன்பின் பார்க்கவே இல்லை. 1929-ல் கொல்லிமலையில் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி இறந்தார். பால் முதலில் மருத்துவத்துக்குப் போகவில்லை. கட்டட வேலை கற்றார், தச்சும் கொத்தும் பழகினார். பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, போர்க்காலக் குண்டுவீச்சில் சிதைந்த உடல்களைத் தைத்துத் தேர்ந்தார். 1946-ல் காக்ரேன் கூப்பிட்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தச்சு வேலை பின்னால் எவ்வளவு கைகொடுக்கப் போகிறது என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

திருமணியிலிருந்து திரும்பியதும் வேலை தொடங்கியது. ஓர் இறகும் ஒரு குண்டூசியும் வைத்துக்கொண்டு நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறது, எந்தத் தசை வேலை செய்கிறது என்று வரைபடம் போட்டார்கள். இறந்துபோன நோயாளி ஒருவரின் உடலை இரவோடு இரவாக அறுத்து நரம்புகளைத் தொடர்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் துலங்கியது. முழங்கையின் பின்புறம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முழங்காலருகே என்று நரம்பு தோலை ஒட்டி ஓடும் இடங்களில்தான் அது வீங்கிப் பருத்திருந்தது. உடலின் குளிர்ந்த இடங்களையே கிருமி தேடிப்போகிறது. ஆழத்தில் இருந்த நரம்புகளும் அவை இயக்கிய முன்கைத் தசைகளும் அநேகமாகச் சேதமில்லாமல் இருந்தன. அந்த நல்ல தசை ஒன்றின் தசைநாணைப் பிரித்தெடுத்து, செயலிழந்த விரலுக்குத் திருப்பிக் கட்டிவிட்டால் விரல் நிமிரும்.

ஆனால் எங்கே வைத்துச் செய்வது? தொழுநோயாளியைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் வேலூர் மருத்துவமனையிலும் இருந்தது. அவர்கள் சதை கெட்டுப்போன சதை, தையல் ஆறாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே இருந்தது. மருத்துவமனைச் சுற்றுச்சுவரை ஒட்டிய ஒரு மண்சுவர் அறையில்தான் கைகளுக்கான ஆய்வுப் பிரிவு தொடங்கியது. 1948-ல் முதல் அறுவை சிகிச்சைகள் நடந்தன. தையல் ஆறியது, எல்லோருக்கும் ஆறுவதுபோலவே. மாதக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு விரல்கள் விரிந்தன. பல ஆண்டுகளாகக் கையால் சோறு பிசைய முடியாதிருந்தவர்கள் உருண்டை பிடித்து உண்டார்கள்.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு மருத்துவ சாதனைக் கதை, அவ்வளவுதான். அதன்பின் நடந்ததுதான் பெரிது.

தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஓர் இளைஞர் படித்தவர், பல மொழி அறிந்தவர். நோயால் பிச்சைக்காரர் ஆனவர். கையும் காலும் தேறி உற்சாகமாக வெளியே போனவர், சில மாதங்களில் மெலிந்து திரும்பி வந்தார். நீங்கள் கொடுத்த கை சரியில்லை என்று முறையிட்டார். பிச்சைக்கு இது உதவவில்லை. மடங்கிய விரலைப் பார்த்துக் காசு போட்டவர்கள், விரல் நேரான பிறகு போடவில்லை. உடம்பிலிருந்த நோய்த் தழும்பைப் பார்த்து வேலையும் யாரும் கொடுக்கவில்லை, வாடகைக்கு இடமும் தரவில்லை. கோணிய கையாவது சோறு போட்டது.

கையைச் சரிசெய்தால் வாழ்வு சரியாகிவிடும் என்று எண்ணியிருந்த பிராண்டுக்கு இது பெரிய அடி. ஒரு மனிதனைக் குணப்படுத்தி, அவனை ஒதுக்கிவைத்த அதே தெருவுக்குத் திருப்பி அனுப்புவதில் என்ன இரக்கம் இருக்கிறது? முதிய மிஷனரி அம்மையார் ஒருவர் தம் சேமிப்பைக் கொடுக்க, 1951 வாக்கில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் வெள்ளையடித்த மண்குடிசைகள் எழுந்தன. நவஜீவ நிலையம் என்று பெயர். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தொழில் கற்றார்கள். பிராண்ட் தச்சராக மாறி, மரப் பொம்மைகள் செய்யச் சொல்லிக்கொடுத்தார். சுத்தியலையும் ரம்பத்தையும் எப்படிப் பிடித்தால் தோல் கிழியாது என்பதும் பாடத்தில் ஒன்று.

விரல்கள் ஏன் தேய்ந்து காணாமல் போகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் இந்த ஆண்டுகளில்தான். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். நோயாளிச் சிறுவன் ஒருவன், ஒல்லிப் பையன், சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. பார்த்தால், சாவி அவன் விரலை எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி இருந்திருந்தால் பாதியிலேயே கையை எடுத்திருப்பான்.

அப்போது விளங்கியது. நோய் விரலைத் தின்பதில்லை. அது வலியைக் கொன்றுவிடுகிறது. மீதியைச் சூடான பாத்திரமும் ஆணியும் பிடி தேய்ந்த கருவியும் பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் கணக்கில் வராத காயங்கள் சில இருந்தன. இரவு படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இருக்காது. நோயாளிகளே விழித்திருந்து காவல் காத்தார்கள். எலி வந்தது, உணர்ச்சியற்ற விரலை மோந்தது, கடிக்கத் தொடங்கியது. அதன்பின் நிலையத்தை விட்டு வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

சென்னைக்கு விடுமுறையில் போன ஒரு நோயாளி, பூனை இல்லாமல் போனார். முதல் இரவே எலி கடித்துவிட்டது. மறுநாள் தூங்கக் கூடாதென்று விளக்கடியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர் அசதியில் கண்ணயர, கை சுடுகிற விளக்குக் கண்ணாடியில் சாய்ந்து வெந்தது. இரண்டு கையிலும் கட்டோடு பிராண்டின் முன் வந்து நின்று அழுதார். புண் அவருக்கு வலிக்கவில்லை. மாதக்கணக்கில் காத்து வைத்த கை ஒரு விடுமுறையில் போயிற்றே என்ற வேதனை.

பிராண்டின் வாழ்க்கையில் ஓர் இரவைத் தனியாகச் சொல்லவேண்டும். 1950-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பயணம் ஒன்றில் உடம்பு சரியில்லாமல் நீண்ட ரயில் பயணம் செய்து லண்டன் வந்து சேர்ந்தார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று பட்டது. ஊசியால் குத்திப் பார்த்தார். தெரியவில்லை. ஆழமாகக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. அன்று முழுக்கத் தூக்கமில்லை. மனைவி மார்கரெட்டையும் பிள்ளைகளையும் விட்டு ஒதுங்கி வாழ்வதை எண்ணிப் பார்த்தார். நோயைப் பற்றி ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவருக்கே அந்த இரவு அப்படித்தான் கழிந்தது. விடிந்ததும் மறுபடி குத்தினார். வலித்தது, கத்திவிட்டார். ரயிலில் உட்கார்ந்த உட்காரலில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவே. தன்னிடம் வரும் ஒவ்வொருவரும் எப்படிப்பட்ட இரவைக் கடந்து வருகிறார்கள் என்பது அவருக்கு அன்று தெரிந்தது.

இது ஒருவர் செய்த வேலையும் இல்லை. மார்கரெட் கண் மருத்துவர். தொழுநோயில் இமை மூடாமல் போய்ப் பார்வை இழப்பவர்களுக்கு அவர் சிகிச்சை செய்தார். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று வழிகாட்டியவர் பிராண்ட். தானே முடங்கிய ஒருவர் முடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பின்னாளில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவரும் மேரிதான். 1972-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில், பாறையும் பொட்டலுமாகக் கிடந்த நிலத்தில், தொழுநோய்க்கான ஆராய்ச்சி மருத்துவமனை எழுந்தது. பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்து கற்றுப்போனார்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தம் ஓரிடத்தில் விழாமல் பரவவேண்டும் என்பதற்காக மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்யப்பட்டது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கிப் போடுகிறார்களே, அதுவேதான். பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாதப் பராமரிப்பை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் கொண்டுசேர்த்தார். மகன் போன பிறகும் தாய் ஈவ்லின் மலைக் கிராமங்களை விட்டு வரவில்லை. 95 வயதில், 1974-ல், இந்த மண்ணிலேயே இறந்தார். பால் பிராண்ட் 2003-ல் சியாட்டிலில் காலமானார்.

மருத்துவம் ஓடிய வேகத்தில் மனங்கள் ஓடவில்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து 1981-லேயே வந்துவிட்டது. அதைச் சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றும் ஆற்றலை இழந்துவிடுகிறது. இந்தியாவில் இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. தொழுநோயாளிகள் நகராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற ஒடிசாவின் சட்டப்பிரிவு செல்லும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிரிட்டிஷார் காலத்து 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. துணைவருக்குத் தொழுநோய் என்று காரணம் காட்டி மணமுறிவு பெறலாம் என்பதைத் திருமணச் சட்டங்களிலிருந்து எடுக்க 2019 வரை ஆயிற்று. கூட்டு மருந்து வந்து அப்போது 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.