மலாக்கா நமக்குச் சொல்வது



மலேசியாவுக்குச் செல்வோர் கடலோர மாநிலமான மலாக்காவைத் தவறாமல் காணுங்கள். 1511இல் போர்த்துக்கேயரும் 1641இல் ஒல்லாந்தரும் அதைக் கைப்பற்றினர். புனித சவேரியாரின் உடல் 1553இல் சில மாதங்கள் அங்குள்ள குன்றின்மீதிருந்த ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் போலவே அங்கும் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கினர். 1710இல்தான் புனித பேதுரு ஆலயம் எழுந்தது.

அதே நகரில் மலாக்காச் செட்டிகள் வாழ்கின்றனர். சுல்தான்கள் காலத்தில் வணிகத்திற்கு வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். ஆயினும் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றும் வழிபடுகின்றனர், பொங்கலும் கொண்டாடுகின்றனர்.

ஐந்நூறு ஆண்டுகளில் மொழி மறைந்தது, வழிபாடு நிலைத்தது. மொன்றியலில் நமக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே. நம் பிள்ளைகளிடம் இரண்டும் வாழவேண்டுமெனில், இன்றிரவுக் குடும்பச் செபத்தைத் தமிழில் சொல்லுங்கள்.