மண் அகழாத குயவர்

பௌத்தர் கூறும் அட்டாங்க மார்க்கத்துள் ஐந்தாவதாக நிற்பது நற்சீவனம். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, கள், நஞ்சு என்னும் இவ்வைந்தினை விற்றுப் பிழைத்தல் இல்லறத்தார்க்கு ஆகாதென அங்குத்தர நிகாயம் விலக்கும். விலக்கியவற்றை அறிந்த அளவிற் பலரும் அமைவர். விலக்கப்படாத தொழிலொன்றைச் செய்வான், அத்தொழிலினூடே நின்று எத்துணைத் தூரம் செல்லக்கூடும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது. மஜ்ஜிம நிகாயத்து 81-ஆம் சூத்திரம் இதற்கு விடையாக ஒரு குயவரைக் காட்டுகின்றது.

தருக்கம் பயின்ற நமக்குக் குயவன் புதியனல்லன். மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று ஓதியோதி, அவனுக்கும் ஒரு வயிறும் ஒரு குடும்பமும் உண்டென்பதை மறந்தேபோயினோம். இச்சூத்திரத்துக் குயவர்க்கோ அவை இரண்டும் உள. பெயர் கடீகாரர், கடம் செய்வார் என்பது பொருள். கோசல நாட்டு வேபலிங்கம் என்னும் ஊரில், கௌதமர்க்கு முற்பட்ட காசிப புத்தர் காலத்தே வாழ்ந்தவராகச் சொல்லப்படுதலின், இது பழங்கதையேயன்றிச் சரித்திரமன்று. ஆயினும், அக்கதையைப் போற்றிவைத்தோர் கருத்தை அறிதற்கு இது சரித்திரச் சான்றேயாம்.

அவர் தாய் தந்தையர் இருவரும் கண்ணிழந்த முதியோர். அவரைக் காத்தற்பொருட்டே துறவு பூணாது நின்றார். கருவியாலேனும் கையாலேனும் நிலத்தை அகழார். ஆற்றங்கரை இடிந்து வீழ்ந்த மண்ணையும், எலி தோண்டிப் புறந்தள்ளிய மண்ணையும் காவடியிற் சுமந்துவந்து கலம் வனைவார். வேண்டுவோர் அரிசியோ பயறோ இட்டு, விரும்பிய கலத்தை எடுத்துச் செல்லலாம். விலை பேசுதல் இல்லை. காசி மன்னன் கிகி 500 வண்டி அரிசி அனுப்பியபோதும், மன்னர்க்குக் கடமைகள் பலவென்று சொல்லித் திருப்பிவிட்டார். இவரை மீண்டு பிறவாத அநாகாமி என்று அம்மன்னனிடத்தே கூறியவர் காசிபர். இவர்தம் தோழர் சோதிபாலர் துறவு பூண்டார். வரமாட்டேன் என்ற அவரைத் தலைமயிர் பற்றியிழுத்துப் புத்தர்பாற் செலுத்தியவர் இக்குயவரே. அச்சோதிபாலர் தாமே என்று கௌதமர் சூத்திர முடிவிற் கூறுவது பெரிதும் நோக்கத்தக்கது.

இனி, மண் அகழாமை விநயத்தில் துறவியர்க்கு விதியாக உளது. மண்ணை ஓரறிவுயிராக உலகர் கருதினமையின், பிக்குகள் அதனை அகழ்தலும் அகழ்வித்தலும் குற்றம். அங்ஙனமாயின் அவர் ஏற்றுண்ட சோறு பிறர் அகழ்ந்த நிலத்தில் விளைந்ததன்றோ? இவ்வினாவை அவரிடம் எளிதிற் கேட்டுவிடலாம். மடத்திற் பயின்ற நாளில், பந்தியில் யான் உண்ட சோற்றின் நெல்லை விளைத்தவர் யாவரென்று ஒருநாளும் கேட்டிலேன்.

சீன தேசத்துத் தியான மரபினருள் 814-இல் மறைந்த பைசாங் என்பார் இவ்விதியைக் கடந்து, மாணாக்கரோடு தாமும் நிலத்தில் இறங்கி உழைத்தார் என்பர். அவர் பெயரால் வழங்கும் மடவிதிகள் அவரே வகுத்தனவோ என்பதில் ஆராய்ச்சியாளர்க்கு ஐயமுண்டு. எனினும் ஒரு செய்தி அம்மரபில் நிலைத்துளது. அவர்தம் முதுமைக்கு இரங்கிய மாணாக்கர் ஒருநாள் அவருடைய கருவிகளை ஒளித்துவைத்தனர். எங்குத் தேடியும் அவை கிட்டாமையின், அன்று அவர் உணவு கொண்டிலர்.