‘தமிழ்’ எப்படி ‘ஜே கே பி ஓ’ ஆனது?

போன மாசம் பெரியப்பாவின் பழைய கோப்பு ஒன்றை மின்னூலாக்க உட்கார்ந்தேன். எங்க ஊர் ஏரி, வாய்க்கால், மதகுகளைப் பற்றி வயசானவங்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. 1999-ல் டிடிபி சென்டர் ஒன்றில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியிருக்கிறார். பெரியப்பா இப்போ இல்லை. அவருக்குச் சொன்னவங்களும் இல்லை. அந்த மதகுகளில் பாதி இன்னைக்கு வீட்டுமனைக்குக் கீழே கிடக்கிறது. மிச்சம் இந்தக் கோப்புதான்.

எழுத்துருவையும் உள்ளே சேர்த்து ஈபப் ஆக்கினேன். என் கணினியில் அழகாகத் திறந்தது. அண்ணனுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன்: “என்னடா, முழுக்க இங்கிலீஷ் எழுத்தா வருது?”

எழுத்துரு சரியாகச் சேரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஈபப் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்தான். பெயரின் கடைசியை மாற்றினால் பிரித்துப் பார்த்துவிடலாம். உள்ளே எழுத்துருக் கோப்பு இருந்தது. சிஎஸ்எஸ்-ல் அதன் பாதையும் சரி. கோப்புப் பட்டியலிலும் பெயர் இருந்தது.

அடுத்த சந்தேகம் பூட்டு மேல். எழுத்துருவை யாரும் உருவி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, அதன் முதல் 1040 பைட்டுகளைக் குழப்பி வைக்கும் முறை ஒன்று ஈபப்பில் உண்டு. நூலின் அடையாள எண்தான் அதற்குச் சாவி. மாற்றும்போது அந்த எண் மாறிப்போனால் எழுத்துரு திறக்காது. பலரை மண்டை காய வைக்கும் கோளாறு இது. ஆனால் என் கோப்பில் அந்தப் பூட்டே இல்லை.

கடைசியில் பார்த்தால், அண்ணனின் போன் செயலி தனக்குப் பிடித்த எழுத்துருவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அமைப்பில் ‘பதிப்பாளர் எழுத்துரு’ என்று மாற்றச் சொன்னேன். தமிழ் வந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தபோது மறுபடி போன்: “படிக்க வருதுடா. ஆனா ‘மதகு’ன்னு தேடினா ஒண்ணுமே இல்லைங்குது!”

அப்போதுதான் உறைத்தது. அந்த நூலில் ‘மதகு’ என்ற சொல்லே இல்லை. ‘கே, ஜே, எஃப்’ என்ற மூன்று ரோமன் எழுத்துகள்தான் இருக்கின்றன. பாமினி அவற்றுக்கு ம, த, கு என்று வேஷம் கட்டியிருக்கிறது. ‘தமிழ்’ என்பதே அதில் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’தான்.

டிடிபி சென்டர்காரரைக் குறை சொல்ல முடியாது. கதை தட்டச்சுப் பொறியிலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசை வரிசை வகுத்த முன்னோடி. பின்னால் கணினி வந்தபோது, தட்டச்சு பழகிய விரல்கள் புதிதாக எதையும் கற்க வேண்டாம் என்று அந்த மரபை ஒட்டியே விசைப்பலகைகள் அமைந்தன. ய, ள, ன, க, ப என்ற நடு வரிசை பாமினியில் அப்படியே இருக்கிறது. கணினிக்கு அது ரோமன் எழுத்து, கண்ணுக்குத் தமிழ். அச்சடித்துக் கொடுப்பதுதான் வேலை என்றால் அது போதும். காகிதத்துக்கு எந்த எண் என்ற கவலை கிடையாது.

ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு எண் வேறானது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை. இதைத் தீர்க்க இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற பொதுக் குறிமுறையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு வந்தன. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000-ல்தான் லதா எழுத்துருவோடு அது சாதாரணக் கணினிக்கு வந்தது. பெரியப்பா ஒரு வருஷம் முந்திவிட்டார்!

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே சந்தில் வந்ததுதான். பழைய குறிமுறையில் தொடங்கி, டிஸ்கிக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கு வந்தது. அதன் நூல்கள் இன்னைக்கும் தேடக் கிடைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து மாற்றியதுதான். எழுத்துருவைக் கூடவே தூக்கிக்கொண்டு போயிருந்தால் காட்சி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஆக, நானும் மாற்ற உட்கார்ந்தேன். அதிலும் பள்ளங்கள் உண்டு. முழுக் கோப்பையும் மாற்றியில் போட்டால் நடுவில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் ‘தமிழ்’ ஆகிவிடும். அதனால் எழுத்துருவின் பெயரை வைத்துப் பாமினிப் பகுதிகளை மட்டும் முதலில் பிரிக்க வேண்டும். அடுத்து, ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்து அடித்திருப்பார்கள். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். தேடினால் ‘ஏரி’ கிடைக்கும், ‘ஊர்’ கிடைக்காது. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடிப்பதும் இதே ரகம். கருவி எல்லாவற்றையும் பிடிக்காது. கண்ணால் ஒரு முறை படித்தே ஆக வேண்டும்.

அப்போ எழுத்துருவைச் சேர்ப்பதே தப்பா? இல்லை. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’ வடிவங்களைக் காட்ட வேண்டுமென்றால் அதற்கேற்ற எழுத்துருவைச் சேர்க்கத்தான் வேண்டும். எண் அதேதான், உருவம் மட்டும் வேறு. சேர்க்க அனுமதி உள்ள எழுத்துருவாகப் பாருங்கள். அளவைக் குறைக்கிறேன் என்று வெட்டும்போது ‘கு’, ‘டி’ போன்ற கூட்டு வடிவங்கள் போய்விடாமலும் பாருங்கள்.

சேர்க்கும் முன் ஒரே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்: எழுத்துருவை எடுத்துவிட்டு நூலைத் திறங்கள். வேறு தமிழ் எழுத்துருவில் படிக்க முடிந்தால் நூல் இருக்கிறது. ரோமன் எழுத்து வந்தால் இன்னும் இல்லை.

பெரியப்பா கோப்பு மூன்று வாரத்தில் முடிந்தது. அண்ணன் ‘மதகு’ தேடிவிட்டு அனுப்பிய செய்தி: “வடக்கு மதகு எங்க இருந்துச்சுன்னு இப்பதான்டா எனக்கே தெரியுது.”