கண்காணிக்கப்படும் அரசு: மும்பையில் பெண்கள்மீதான வன்முறைத் தடுப்பும் தமிழ்ப் பெண்களின் பதிவும்

'கண்காணி' என்னும் சொல் தமிழில் நெடுங்காலம் மேலிருந்து கீழ்நோக்கும் பார்வையையே குறித்து வந்துள்ளது. சோழர் கல்வெட்டுகளில் அது கோயிற் காரியங்களை மேற்பார்த்தோரைச் சுட்டும். இலங்கை, மலேயத் தோட்டங்களில் 'கங்காணி' என மருவி, கூலியாட்களை வேலை வாங்கியவரின் பெயராயிற்று. ஆளப்படுவோர் அரசைக் கண்காணித்தல் என்னும் பொருள் அண்மைக் காலத்தது. பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்க அரசு மேற்கொண்ட முயற்சிகள் இவ்வாறு கீழிருந்து கண்காணிக்கப்பட்ட வரலாற்றில் மும்பைக்குத் தனியிடம் உண்டு. அவ்வரலாற்றையும், அதில் தாராவித் தமிழ்ப் பெண் பதிவாகும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தினுள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவலரால் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டதாக வழக்கு எழுந்தது. அவள் பெயரே வழக்கின் பெயராக நூல்களில் நிலைத்துவிட்டது. இக்கட்டுரை அதனைத் தவிர்க்கிறது. அமர்வு நீதிமன்றம் காவலரை விடுவித்தது. மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயமில்லை, அவள் கூக்குரலிடவில்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்களுள் அடங்கும். 1979 செப்டம்பரில் உபேந்திர பக்சி, வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அதையொட்டி 1980இல் மும்பையில் வன்புணர்வு எதிர்ப்பு மன்றம் தோன்றியது. பின்னர் அது பெண்கள்மீதான ஒடுக்குமுறைக்கு எதிரான மன்றம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தங்கள் இக்கிளர்ச்சியின் விளைவுகளாகும். காவலில் நிகழும் வன்புணர்வு தனிக் குற்றமாயிற்று. கணவன், அவன் உறவினர் இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் 498அ பிரிவும் அவ்வாண்டே வந்தது.

சட்டம் திருந்தியதை அரசிதழில் காணலாம். அது நடைமுறையாவதை அங்குக் காண இயலாது. செம்பூரை அடுத்த தேவனாரில் அமைந்த டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1984இல் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கியமை இவ்விடத்தில் நோக்கத்தக்கது. முறையிட வரும் பெண்ணுக்குக் காவலருடன் சமூகப் பணியாளரும் செவிகொடுத்தார். காவல் துறையின் நடைமுறையை அதன் கூரைக்கடியிலேயே இருந்து வெளியார் ஒருவர் காணும் வாய்ப்பு இதனால் ஏற்பட்டது. மாநில அரசின் ஆதரவோடு இப்பிரிவுகள் பின்னர் மகாராஷ்டிரத்தின் பிற மாவட்டங்களுக்கும் பரவின.

அடுத்த களம் மருத்துவமனை. காவல் நிலையத்துக்குச் செல்லாத பெண்ணும் காயத்துக்கு மருந்திட வருவாள். 'தவறி விழுந்தேன்' என்பாள். அதுவே பதிவேட்டில் ஏறும். சேஹத் என்னும் ஆய்வமைப்பும் மும்பை மாநகராட்சியும் இணைந்து 2000இல் பாந்திரா பாபா மருத்துவமனையில் தொடங்கிய 'திலாசா' மையம், காயம் எவ்வாறு நேர்ந்தது எனக் கேட்பதை மருத்துவப் பணியின் பகுதியாக்கிற்று. மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999இல் நிறுவிய ஸ்னேஹா அமைப்பு தாராவியில் இப்பணியை மேற்கொண்டது. ஆயினும் ஆணை பிறப்பதும் அது நிறைவேறுவதும் வெவ்வேறு. வன்புணர்வுக்கு ஆளானோரிடம் செய்யப்பட்ட 'இருவிரல் சோதனை'யை நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் விலக்கின. அது இன்னும் தொடர்வதை 2022இல் உச்சநீதிமன்றமே கண்டித்தது.

2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் கண்காணிப்பை அரசின் கடமையாகவே ஆக்கியது. அதன் 11ஆம் பிரிவு விளம்பரம், பயிற்சி, துறைகளின் ஒருங்கிணைப்பு, அதன் காலமுறை மறுஆய்வு ஆகியவற்றை அரசின்மீது சுமத்துகிறது. எனினும் நாடு தழுவிய முதல் மதிப்பீட்டை 2007இல் வெளியிட்டது இந்திரா ஜெய்சிங் தலைமையிலான லாயர்ஸ் கலெக்டிவ் என்னும் வழக்கறிஞர் அமைப்பே. 1993இல் சட்டத்தால் அமைந்த மகாராஷ்டிர மாநில மகளிர் ஆணையமோ 2020 பிப்ரவரி முதல் 2021 அக்டோபர் வரை தலைவரின்றி இருந்தது. பெருந்தொற்றுக்கால ஊரடங்கில் பெண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலமும் அதுவே. கண்காணிக்கும் இருக்கை வெறுமையாயிருப்பதைத் தற்செயல் என ஒதுக்க இயலவில்லை.

எண்களை எச்சரிக்கையோடு படிக்கவேண்டியுள்ளது. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களுள் கணவரின் வன்முறைக்கு ஆளானோர் மகாராஷ்டிரத்தில் 25.2 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு. இந்திய அளவில் உடல், பாலியல் வன்முறைக்கு ஆளானோருள் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினரே. ஆகவே காவல் துறையின் வழக்கு எண்ணிக்கை உயர்வதைக் குற்றப் பெருக்கமாக மட்டும் கொள்வது பிழையாகும். நம்பிக்கை பெருகியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். மும்பைத் தமிழ்ப் பெண்ணோ மாநிலவாரியான இவ்வெண்களுள் தனித்துத் தெரிவதில்லை.

இங்கு மொழிச்சிக்கல் எழுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிமுதல் தோல் பதனிடும் தொழிலையொட்டித் திருநெல்வேலிப் பகுதியினர் உள்ளிட்ட தமிழர் தாராவியில் குடியேறினர். மாதுங்காவில் அலுவலகப் பணியை நாடி வந்த நடுத்தரத் தமிழர் வேரூன்றி, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் நிறுவினர். 2006ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறை விதிகள், பாதிக்கப்பட்டவளின் உரிமைகளைக் கூறும் நான்காம் படிவம் ஆங்கிலத்திலோ வட்டார மொழியிலோ தரப்பட வேண்டும் என்கின்றன. ஆங்கிலம் பயின்ற மாதுங்காப் பெண்ணுக்கு அவ்விதி போதும். தாராவியில் தமிழ் மட்டும் அறிந்த பெண்ணுக்கு 'வட்டார மொழி' எது? முதல் தகவல் அறிக்கையை வாசித்துக் காட்டவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 2024 சூலையில் அதனிடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் கூறுகின்றன. எம்மொழியில் என்று அப்பிரிவு கூறவில்லை. மொழிபெயர்ப்பாளர் பற்றிய குறிப்பு அங்கு உடல், மனக் குறைபாடு உடையோர் தொடர்பாகவே வருகிறது. உடன்வந்த கணவன்வீட்டு உறவினரே மொழிபெயர்க்க நேரின், பதிவாவது யாருடைய கூற்று?

இதற்கு விடை தேட வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிவழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. அவற்றுள் தமிழும் ஒன்று. பள்ளிக்குத் தமிழை இந்நகரின் மொழியாக ஏற்ற அதே மாநகராட்சியே மருத்துவமனைகளையும் நடத்துகிறது. 11ஆம் பிரிவு கூறும் காலமுறை மறுஆய்வில், நான்காம் படிவம் எந்தெந்த மொழியில் எத்தனை பெண்களுக்குத் தரப்பட்டது என்னும் வினா இடம்பெறவேண்டும். தாராவிக்கு உரிய விடை தனியாகக் கேட்டுப் பெறத்தக்கது.